வெந்த மண்

கார்த்திகைக்கு இரண்டொரு நாள் முன்னதாக, மதுரை தெற்குமாசி வீதியின் ஓரத்தில் ஒரு மூதாட்டி சாக்கை அவிழ்த்து அகல் விளக்குகளைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் குவியலிலிருந்து எழுந்த மணம் நடந்துகொண்டிருந்த என்னை நிறுத்திவிட்டது. வைக்கோல் சாம்பலும், வெந்த மண்ணும், இன்னும் சற்றே மிஞ்சியிருந்த புகையும் கலந்த மணம் அது. சூளையைப் பிரித்து அதிக நேரமாகாத மண்பாண்டத்துக்கு மட்டுமே அது உரியது. இயந்திர அச்சில் அழுத்தி, வர்ணம் பூசி, மினுமினுப்போடு வந்து இறங்கும் விளக்குகளில் அதைக் காண முடியாது. கை கொண்ட மட்டும் அகல்களை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் மனம் அதற்குள் வைகைக்கு அக்கரையில், ஒரு வேப்பமரத்தடிக் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தது.

என் இளவயதில் நான் உபாத்தியாயினியாக இருந்த பள்ளி அது. பள்ளியென்று சொன்னாலும், வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடும், அதன் பின்புறம் கீற்று வேய்ந்த ஒரு கொட்டகையுமே அதன் சொத்து. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள், மூளை முடக்குவாதத்தால் கைகால் இறுகிய குழந்தைகள், பேச்சு வராத குழந்தைகள், இன்னதென்று எந்த வைத்தியரும் பெயர் சொல்லாமல் அனுப்பிவிட்ட குழந்தைகள் என்று பலரும் அங்கே வந்தார்கள். ஊனமுற்றோருக்கான 1995-ஆம் வருஷத்துச் சட்டம் அப்போது வரவில்லை. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை வரிசைப்படுத்திய 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தை யாரும் கனவிலும் நினைத்திருக்க முடியாது. விருந்தாளிகள் வந்தால் இப்படிப்பட்ட பிள்ளையைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிடுவது அநேக வீடுகளில் வழக்கமாயிருந்தது. அதைச் செய்த பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். கல்யாணமாகாத மூத்த பெண் ஒருத்தி வீட்டில் இருந்திருப்பாள், அவளுடைய எதிர்காலத்தை எண்ணி, சாத்திய கதவுக்கு இந்தப் புறம் நின்று அந்தத் தாய் அழுதிருப்பாள்.

மண் வேலை எங்கள் பள்ளிக்குள் நுழைந்தது யாரும் திட்டமிட்டு நடந்த காரியமன்று. மானாமதுரையிலிருந்து பானை ஏற்றி வந்து எங்கள் தெருவில் விற்றுக்கொண்டிருந்த வேளார் ஒருவர், வெயிலுக்கு எங்கள் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி இளைப்பாறுவது உண்டு. ஒருநாள் எங்கள் பிள்ளைகளில் ஒருவன் அவருடைய பானையொன்றின் வாயில் முகத்தை வைத்து ஓசையெழுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டு, மறுபடியும் மறுபடியும் அப்படியே செய்துகொண்டிருந்தான். பெரியவர் அவனை விரட்டாமல், அடுத்த பானையையும் எடுத்து அவன் பக்கத்தில் வைத்தார். அதன் ஓசை வேறாக இருந்தது. கடம் செய்வதில் பேர்பெற்ற ஊர்க்காரருக்குச் சட்டியின் நாதத்தைக் கேட்கத் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் பிள்ளை எதைக் கேட்கிறான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்ததுதான் எனக்கு விசேஷமாகப் பட்டது. அடுத்த வாரம் அவர் வரும்போது வண்டியில் ஒரு மூட்டை கண்மாய் மண்ணும் வந்தது.

குழந்தைகள் அவரைத் தாத்தா என்றார்கள். நாங்கள் வேளார் ஐயா என்றோம். அவர் என்னை டீச்சரம்மா என்றே கடைசிவரை அழைத்தார்.

பானை வனையும் திருகையை அவர் உடனே கொண்டு வரவில்லை. முதலில் மண்ணை உதிர்த்து, சலித்து, நீர்விட்டு ஊறவைத்து, ஆற்று மணலைச் சிறிது கலந்து, கொட்டகைத் தரையில் வட்டமாகப் பரப்பினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, குதிகாலை அழுத்தி அழுத்தி மிதிக்கத் தொடங்கினார். மண் மிதிப்பதென்பது குயவர் தொழிலில் முதற் பாடம். ஒரு பெருமூச்சுக்கு ஓர் அடியென்று மெதுவாக நகரும் அந்த நடையை எங்கள் பிள்ளைகள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்பு ஒருவர் பின் ஒருவராக இறங்கிவிட்டார்கள்.

அவர்களில் ஒரு பையன், எட்டு வயதிருக்கும், ஓரிடத்தில் அரை நிமிஷம் தரிக்க மாட்டான். ஈரமான எதையும் கையால் தொட மாட்டான். சோற்றில் ரசம் ஊற்றினால்கூட அலறுவான். இன்றைக்கு ஆட்டிசம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கையில் களிமண்ணை வைத்தபோது உதறிவிட்டு ஓடினவன், காலால் மிதிப்பதற்கு மட்டும் தானாக வந்தான். பெரியவரின் காலடி பதிந்த இடத்திலேயே தன் பாதத்தையும் பதித்து, சுற்றிச் சுற்றி, நடுவரைக்கும் வந்து சேர்ந்து, மறுபடியும் ஓரத்துக்குப் போய் ஆரம்பித்தான். அந்தப் பள்ளியில் அவன் ஒரு காரியத்தை முழுதாகச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூட்டுகளில் நன்றாக அழுத்தம் விழும்போது இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு மனம் அடங்குவதுண்டென்று தொழில்வழிச் சிகிச்சை படித்த பெண்ணொருத்தி பல வருஷங்களுக்குப் பிறகு எனக்கு விளக்கினாள். பெரியவருக்கு அந்தச் சாஸ்திரம் தெரியாது. ஆனால் வேறொன்றை அவர் கண்டுபிடித்தார்: அந்தப் பையனின் பாதத்துக்கு மிகச் சிறிய கல்லும் தட்டுப்படும். சட்டென்று நின்று, காலைத் தூக்கிக்கொண்டு, அந்த இடத்தையே பார்ப்பான். பெரியவர் குனிந்து விரலால் துழாவினால், கடுகளவு சுண்ணாம்புக் கல் அகப்படும். அந்தக் கல் உள்ளே இருந்துவிட்டால், பாண்டம் சூளையில் நன்றாக வெந்து வெளியே வந்த பிறகு ஈரம் பட்டு ஊதி, ஓட்டையே பிளந்துவிடும். "என் மகனுக்கு இந்தக் கால் இல்ல டீச்சரம்மா. இவனை மிதிக்க விட்டுட்டுத்தான் நான் மண்ணைத் தொடுவேன்" என்று அவர் சொன்னது உபசார வார்த்தையன்று, தம்முடைய பானைக்கான மண்ணையும் அவர் அங்கே கொண்டுவந்து மிதிக்கவைத்தார்.

இன்னொரு சிறுமிக்கு வலது கை எந்நேரமும் மூடிய முஷ்டியாகவே இருக்கும். அவளுடைய தாய் ஐயனார் கோயிலுக்கு மண்ணால் செய்த கையொன்றை நேர்ந்து வைத்தவள். கைகால் குணமாக மண் கையும் மண் காலும், கண் தெரிய மண் கண்மலரும் வாங்கிக் கோயிலில் வைப்பது சிவகங்கைச் சீமையில் இன்றும் உள்ள வழக்கம். புரவி எடுப்புக்குக் குதிரை செய்பவர்களும், இவற்றைச் செய்து தருபவர்களும், அநேக கோயில்களில் பூசை வைப்பவர்களும் வேளார்களே. எத்தனையோ பேருக்கு நேர்த்திக் கை செய்து கொடுத்திருந்த அந்தப் பெரியவர், இந்தக் குழந்தையின் கையை நெடுநேரம் பார்த்தார். விரல்களைப் பிரிக்க முயலவில்லை. நாங்கள் எல்லாரும் அதைத்தான் அதுவரை செய்துகொண்டிருந்தோம், அவளும் வலியால் அழுதுகொண்டிருந்தாள். எலுமிச்சம்பழ அளவு மண்ணை உருட்டி அவளுடைய முஷ்டிக்குக் கீழே பலகைமேல் வைத்து, "அமுக்குத்தா" என்றார். அவள் உடம்பையெல்லாம் சாய்த்து அமுக்கினாள். கையை எடுத்தபோது மண்ணில் ஒரு குழி விழுந்திருந்தது. குழியின் அடியில் நான்கு கணுக்களின் சுவடுகளும் இருந்தன. பெரியவர் ஓரத்தை ஒரு பக்கம் கிள்ளித் திரிக்கு மூக்கு வைத்தார். அகல் விளக்கு ஆகிவிட்டது.

அன்று மாலைக்குள் அவள் செய்த விளக்குகள் பலகையை நிரப்பிவிட்டன. மணிக்கட்டின் மேல் உடலின் பாரம் இறங்க இறங்க, இறுகிய தசை சற்றே நெகிழ்வதுண்டு. சில மாதங்கள் கழித்து, திரிமூக்கைத் தானே கிள்ளுவதற்காக அவள் கட்டைவிரலை வெளியே நீட்டினாள். கை முழுவதும் குணமாகிவிட்டதென்று நான் எழுத மாட்டேன், ஆகவில்லை. கட்டைவிரல் வந்தது. பிறகு சட்டைப் பொத்தானையும் அவளே போட்டுக்கொண்டாள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில்தான் சூளையைப் பற்றிய விவாதம் எழுந்தது. பள்ளியின் நிர்வாகத்தில் இருந்த ஒரு கனவான், நல்ல மனமும் சிக்கனப் புத்தியும் உடையவர், பிள்ளைகள் செய்த உருக்கள் பலகைகளில் குவிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இவற்றைச் சுடுவதற்கு விறகுச் செலவு எதற்கு, பிசைவதிலும் பிடிப்பதிலும்தானே பிரயோஜனம், ஊறப்போட்டு அதே மண்ணை மறுபடி கொடுத்தால் போதுமே என்று அபிப்பிராயப்பட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகவே தோன்றிய பேச்சு. பெரியவர் அதுவரை யாரிடமும் எதிர்த்துப் பேசி நான் கண்டதில்லை.

"சுடாத மண்ணு வெறும் மண்ணுதாங்கய்யா. ஒரு மழைக்குத் தாங்காது. பிள்ளை செஞ்சதைக் கரைக்கச் சொல்றீகளே, உங்க வீட்டுப் பிள்ளை செஞ்சதா இருந்தா கரைப்பீகளா?"

கனவான் பதில் சொல்லவில்லை. விறகு வந்தது.

குழந்தைகளின் கைவேலையைச் சுடுவது பானை சுடுவதைவிடக் கடினம். தேர்ந்த கை வனைந்த பானையின் சுவர் எங்கும் ஒரே கனமாயிருக்கும். இவர்களுடைய உருக்களோ ஓரிடத்தில் விரற்கடை கனமும் ஓரிடத்தில் காகித மெல்லிசுமாக இருக்கும். உள்ளே ஈரம் தங்கிவிட்டால் அது தீயில் ஆவியாகி உருவையே சிதறடித்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் குடைந்து, நிழலில் நாட்கணக்காக உலர்த்தி, எந்த உரு எந்தப் பிள்ளையினுடையது என்று நாங்கள் அடியில் பெயர் கீறி வைத்தோம். பிறகு விறகும் வறட்டியும் அடுக்கி, அவற்றின்மேல் பாண்டங்களை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, சேறு பூசி, புகை போகத் துவாரம் விட்டு, பெரியவர் தீ மூட்டினார். முதலில் வெகு நேரத்துக்கு மந்தமான தீ. மண்ணுக்குள் ஒட்டியிருக்கும் நீரெல்லாம் பதறாமல் வெளியேற வேண்டும். ஏறக்குறைய 600 டிகிரி சூட்டைத் தாண்டினால் களிமண் தன் இயல்பை மாற்றிக்கொண்டுவிடும். அப்புறம் எத்தனை காலம் நீரில் போட்டு வைத்தாலும் அது கரையாது. அந்த எல்லையைக் கடந்த மண்ணும் கடக்காத மண்ணும் வெவ்வேறு ஜாதி.

மறுநாள் சூளை பிரிக்கும்போது பள்ளி முழுவதும் சுற்றி நின்றது. எங்களிடம் முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச மாட்டார், யாவருக்கும் அண்ணன். அவர் மிகுந்த சிரத்தையோடு செய்த யானை வெடித்துச் சிதறிக் கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வேறொன்று செய்யலாம் என்று நாங்கள் சமாதானம் சொல்லச் சொல்ல அழுகை வலுத்தது. பெரியவர் சாம்பலைக் கிளறி, தம்முடைய பானையொன்றின் விரிந்துபோன அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் குந்தி, இரண்டு துண்டுகளையும் எதிரில் வைத்தார். "உன்னோடதும் போச்சு, என்னோடதும் போச்சுய்யா" என்றார். இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு அண்ணன் யானை செய்யவேயில்லை. சிறிய உப்புச் சட்டிகளையே செய்தார். அவற்றில் எதுவும் வெடிக்கவில்லை.

எழுதத் தெரியாதவராகையால் அண்ணன் ஒவ்வொரு சட்டியின் தோளிலும் மூன்று கோடும் ஒரு வட்டமும் ஈர்க்குச்சியால் கீறுவார். அது அவருடைய அடையாளம். சில வருஷங்களுக்கு முன் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளைக் காட்சியகத்தில் பார்க்கப் போயிருந்தபோது, ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் பெயர் கீறிய ஓடுகளும், எழுத்தல்லாத வெறும் குறிகளைத் தாங்கிய ஓடுகளும் அடுத்தடுத்து இருக்கக் கண்டேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அந்தக் கீறல்கள் அழியவில்லை. மானாமதுரை அங்கிருந்து தூரமில்லை. வைகையின் கரைதான் இரண்டும். அண்ணனுடைய மூன்று கோடும் வட்டமும் எனக்கு அங்கே ஞாபகம் வந்தன.

அவருடைய தாய் அந்தச் சட்டிகளில் முதலாவதை அடுக்களையில் உப்புப் போட்டு வைத்தாள். ஒரு பண்டிகைக்கு வந்த உறவினர் கூட்டம் சாப்பிட உட்கார்ந்திருக்கையில், யாரோ ஒரு மாமி அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எந்தூருல வாங்கினது? நல்லாருக்கே" என்று கேட்டாளாம். பின்கட்டின் வாசற்படியில் நின்றிருந்த அண்ணன் உள்ளே வந்து, தன் நெஞ்சில் கையை வைத்து, "நான்" என்றாராம். அந்த வீட்டில் அவரைப் பார்த்து ஒரு கேள்வியும், அவரிடமிருந்து ஒரு பதிலும் கூட்டத்தின் நடுவே நிகழ்ந்தது அதுதான் முதல் தடவையென்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மண்ணைப் பிசைந்ததோடு நின்றிருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பிசைந்தது வெந்து, வெந்தது வீடு சேர்ந்து, அதில் உப்பும் இருந்ததால்தான் மாமியின் கை அதை எடுத்தது.

செய்ததைச் சுட்டு முடிக்கவேண்டும் என்ற இந்த நம்பிக்கைக்குப் பின்னாளில் புஸ்தகங்களில் துணை கிடைத்தது. கலையைச் சிகிச்சையாகக் கருதும் முறைக்குக் கலைச் சிகிச்சை என்று பெயர் சூட்டியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர்; காசநோய் ஆஸ்பத்திரியில் தாமே படுத்திருந்து வரைந்த அனுபவத்தைக் கொண்டு 1940-களில் அதைப் பற்றி எழுதியவர். வியன்னாவில் விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் கண்ணிழந்த சிறுவர்களுக்குக் களிமண் கொடுத்து, அவர்கள் தடவி அறிந்த முகங்களையும் தங்கள் உள்ளத்தின் துயரத்தையும் உருவமாக்கக் கண்டார். ஆனால் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் ஈடித் கிராமர். 1916-இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க் சேர்ந்து, வாழ்க்கை கசந்துபோன சிறுவர்களுக்கான ஒரு விடுதியில் ஓவியமும் மண்ணும் கற்பித்தவர். குழந்தை வரைந்ததை வைத்து அதனுள்ளத்தை ஆராய்ந்து பேசுவதே சிகிச்சை என்று அந்நாளில் வாதித்தவர்கள் உண்டு. மார்கரெட் நௌம்பர்க் அவர்களில் முதன்மையானவர். கிராமரோ, செய்பொருள் செம்மையாக முடிவதிலேயே குணப்படுத்தும் சக்தியின் பெரும்பகுதி இருக்கிறது, ஆகையால் ஆசிரியர் கலைஞராகவும் இருக்கவேண்டும் என்றார். எங்கள் பெரியவர் விறகு கேட்டதற்கு இதுவே காரணம்.

ஜப்பானில் ஷிகா பிரதேசத்தில், ஷிகாரகி என்னும் பழைய குயவர் ஊர் உள்ள அதே பிரதேசத்தில், யுத்தம் முடிந்த கையோடு 1946-இல் இதோகா கசுவோ என்பவர் ஓமி ககுவென் என்ற இல்லத்தை ஏற்படுத்தி, அநாதைச் சிறுவர்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். அந்தப் பிரதேசத்து இல்லங்களில் மண் வேலை வேரூன்றிவிட்டது. அங்கே வாழும் ஷினிச்சி சவாதா என்ற ஆட்டிசம் உள்ள கலைஞர், உடம்பெல்லாம் சிறு முட்கள் பதித்த விசித்திர ஜந்துக்களைச் செய்கிறார். 2013-இல் வெனிஸ் நகரத்துப் பெரிய கலைக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. அந்த உருக்களை விறகுச் சூளையில் சுடுகிறார்கள் என்று படித்தபோது, முட்கள் உதிராமல் அவற்றை அடுக்கி, இரவெல்லாம் தீயைக் கவனித்திருக்கும் ஆளைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளிக்கும் கொஞ்சம் பேர் வந்தது. பேர் வந்ததும் தீபாவளிக்கு, கார்த்திகைக்கு என்று விளக்கு கேட்டுக் கடைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பணம் வேண்டியிருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்று கேட்டபோது, கணுச்சுவடு பதிந்த விளக்குகள் தள்ளுபடியாயின. ஈரம் பொறுக்காத பையனைச் சாந்தப்படுத்திய மிதிப்பு வேலை, மணிக்கணக்குப் பார்க்கும் வேலையாயிற்று. பிள்ளைகளின் முகத்தில் வந்த மாறுதலைக் கண்டு அந்த வருஷத்தோடு அதை நிறுத்தினோம். ஜீவனத்துக்கு ஒரு தொழில் கற்பிப்பது மிக நல்ல காரியம். விரும்பி ஏற்பவருக்கு அதற்கென்று கூலியோடு தனி இடம் வேண்டும். மண் வகுப்பை அதோடு கலக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். இரக்கப்பட்டு வாங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. இப்போதெல்லாம் கண்காட்சிகளில் பிள்ளைகள் செய்த பொருளின் பக்கத்தில் அவர்களுடைய குறைபாட்டை விவரிக்கும் அட்டையைத் தொங்கவிடுகிறார்கள். வருகிறவர்கள் அட்டையைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துப் போகிறார்கள், சட்டியைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

பெரியவர் காலமாகி வெகு நாட்களாகிவிட்டன. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைக் கேட்க அவர் இல்லை. கோடையில் பானைத் தண்ணீர் குடித்த தலைமுறையும் சிறுத்துவிட்டது. ஆனாலும் மண் வகுப்புகள் பெருகியிருக்கின்றன. சென்ற மாதம் நான் போய்வந்த ஒரு பள்ளியில் சக்கர நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் மேஜையும், கால் வேண்டாமல் கையாலேயே வேகம் கூட்டிக் குறைக்கும் மின்சாரத் திருகையும் இருந்தன. பார்வையற்ற பெண்ணொருத்தி திருகையின்மேல் மண்ணைச் சிறிதும் கோணாமல் நிமிர்த்தியதைக் கண்டு பிரமித்தேன். கண் பார்த்துத் திருத்தப் போவதில் கை தடுமாறும், அவளுக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. பயிற்சி பெற்ற இளம் ஆசிரியைகள் இருவர் ஒவ்வொரு குழந்தைக்கும் மண்ணின் ஈரத்தைத் தனித்தனியே அளந்து கொடுத்தார்கள்.

மின்சூளை மட்டும் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். பலகைகளில் காய்ந்த உருக்கள் நிறைய இருந்தன. சிலவற்றின் கைகால்கள் உதிரத் தொடங்கியிருந்தன.

பெரியவரின் பேரன் மானாமதுரையில் சூளை வைத்திருக்கிறார். மறுநாளே அவரிடம் டெலிபோனில் பேசினேன். தாத்தா வந்துபோன பள்ளிக்கூடத்து டீச்சர் என்றதும் அவர் கூலியைப் பற்றிப் பேசவில்லை. மெல்லிசு உருக்களை மேலடுக்கில் வைத்துச் சுட்டுத் தருவதாகவும், வண்டி வாடகையை மட்டும் பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும் சொன்னார். பொங்கல் பானை முடிகிறவரைக்கும் சூளையில் இடம் கிடையாது, தை பிறந்து முதல் வாரத்தில் அனுப்புங்கள் என்றார். அடியைக் குடைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்; யார் யாருடையது என்று பெயர் கீறவும் சொல்லியிருக்கிறார். ஆசிரியைகள் குடைந்துகொண்டிருக்கிறார்கள். திங்களும் வியாழனும் நானும் போகிறேன்.